ஐந்து ராஜாக்களும் ஒரு நத்தையும்

என் பெரியப்பாவுக்குத் தமிழில் ஒரே ஒரு சொல் தெரியாது. அது 'போதும்'. பந்தியில் உட்கார்ந்தால் இலைக்குக் குறுக்கே அவர் கை நீண்டு நான் பார்த்ததில்லை. பரிமாறுகிறவர்தான் பயந்து அடுத்த இலைக்கு நகர வேண்டும். வலங்கைமான் வீட்டு வாசலுக்கு ஒரு விளக்குப் போடச் சொல்லி எலக்ட்ரீஷியனை வரவழைத்தவர், சாயங்காலத்துக்குள் ஐந்து விளக்குகளை எரியவிட்டார். மழைக்காலத்தில் தெருவிலுள்ள ஈசல் அத்தனையும் எங்கள் வாசலில்தான் குடியிருந்தது. "எதுக்குங்க இத்தனை?" என்று பெரியம்மா கேட்டால், எந்தக் காலத்திலும் ஒரே பதில்தான்.

"ஒண்ணு எப்படிம்மா பத்தும்?"

அவர் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. காரியத்துக்கு ஒரே மாதிரிப் பத்திரிகைதான் அடித்தார்கள். இருந்திருந்தால் சம்மதித்திருக்க மாட்டார்.

கும்பகோணத்தில் கல்லூரியில் படித்த மூன்று வருடமும் நான் அவர் வீட்டில்தான் தங்கினேன். அவருடைய ஒரே மகன் துபாயில் இருந்தான். வீட்டில் பெரியப்பா, பெரியம்மா, நான், பிறகு ஓர் இங்கிலீஷ் பாட்டு ஆல்பம். நால்வரில் அதிகம் பேசியது ஆல்பம்தான்.

இளவயதில் அவர் சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். அங்கேயிருந்து திரும்பிய மற்றவர்கள் தங்கச் செயினும் கம்பளியும் தைலமும் கொண்டுவந்தார்கள். இவர் ஆள் உயரத்துக்கு நான்கு ஸ்பீக்கர்களும் ஒரு சி.டி.யும் கொண்டுவந்தார். பட்டறையில் இருந்த ஒரு வெள்ளைக்கார ஃபோர்மன், ஊருக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனதாம். அந்த ஃபோர்மன் பாசத்தில் கொடுத்தாரா, அல்லது இனியாவது நிம்மதியாகத் தூங்கலாம் என்று கொடுத்தாரா என்பது எனக்கு இன்றுவரை சந்தேகம்தான்.

அட்டையில் ஒரு நத்தை. அதன் முதுகில் ஓட்டுக்குப் பதிலாக ஒரு கோட்டை. சுற்றிலும் நட்சத்திரங்கள். "கோட்டையைத் தூக்கிக்கிட்டுப் போவுது, அதான் பாட்டு நகரவே மாட்டேங்குது" என்பார் பெரியம்மா. அதைவிடச் சுருக்கமான விமர்சனத்தை நான் எந்தப் பத்திரிகையிலும் படித்ததில்லை.

ஆல்பத்தில் மொத்தம் நான்கே பாட்டு. வாசித்தவர்கள் ஐந்து பேர். ஒவ்வொருவரும் ஏற்கெனவே ஒரு பெரிய குழுவுக்குத் தலைவராக இருந்தவர், ஒவ்வொருவர் பெயருக்கும் தனிக் கூட்டம் சேரும். யாரோ ஒரு புண்ணியவான் ஐந்து பேரையும் ஒரே அறையில் அடைத்து, கதவைச் சாத்திவிட்டு, சாவியைத் தொலைத்துவிட்டான். "அஞ்சும் ராஜா!" என்று பெரியப்பா விரலை விரித்துக் காட்டுவார். "ஒருத்தன் ஒருத்தனுக்குக் கொறைஞ்சவன் இல்ல."

குறைந்தவன் இல்லாததுதான் தொல்லை. முதல் பாட்டு ஆரம்பிக்கும்போது பெரியம்மா அரிசியைக் களைந்து உலையில் போட்டால், பாடகர் வாயைத் திறக்கும்போது சோறு வடித்தாகியிருக்கும். அதுவரைக்கும் கிதார்க்காரர் தன் வீட்டிலுள்ள நகையையெல்லாம் எடுத்துப் பரப்புவார். அவர் மூச்சு வாங்குகிற நேரம் பார்த்து கீபோர்டுக்காரர் தன் நகையைப் பரப்புவார். பிறகு டிரம்ஸ்காரர், பாத்திரக்கடையை மாடிப்படியில் உருட்டுவதுபோல ஒரு வேலை செய்வார். கடைசியில் பாடகர் வந்து, கடலுக்கு அடியில் ஒரு வாசல் இருப்பதாகவும், அதைத் தேடிச் சூரியனின் மகன் புறப்பட்டதாகவும் சொல்வார். புறப்பட்டவன் நான்காவது பாட்டு முடிகிறவரை போய்ச் சேரவில்லை.

பெரியப்பாவுக்கு இங்கிலீஷ் பட்டறையளவுக்குத்தான் தெரியும். பாட்டுக்கு அர்த்தம் கேட்டால் கோபம் வரும். "அர்த்தத்தை விடும்மா. அளவைப் பாரு, அளவை!" என்பார்.

பாட்டு ஓடும்போது அதை நடுவில் நிறுத்தக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். மின்கணக்கு எடுக்க வந்தவர் முதல் பாட்டு முடியும்வரை வாசலில் நின்று, இரண்டாவது பாட்டுக்கு ஓடிப்போயிருக்கிறார். ஒருமுறை உறவில் ஒரு பெரியவர் இறந்த செய்தியை ஃபோனில் சொல்ல வந்தவரையே, "ஒரு நிமிஷம் இருங்க, டிரம்ஸ் முடியட்டும்" என்று காக்க வைத்தார். அந்த டிரம்ஸ் ஒரு நிமிடத்தில் முடியக்கூடியது அல்ல.

இப்படியெல்லாம் கேலி பேசுகிற நானே ஒரு மத்தியானம் அதில் மாட்டிக்கொண்டேன். ஐப்பசி அடைமழை, கல்லூரிக்கு விடுமுறை, படிக்க மனசில்லை. கூடத்தில் உட்கார்ந்து இரண்டாவது பாட்டை முழுசாகக் கேட்டேன். பாட்டு எங்கெங்கேயோ அலைந்தது. கிதார் ஒரு கணக்கில் போனது, டிரம்ஸ் வேறு கணக்கில் போனது, கீபோர்டு யாரையும் கேட்காமல் மூன்றாவதாக ஒரு வழியில் இறங்கியது. இனிமேல் இவர்கள் ஒன்றுசேர வாய்ப்பே இல்லை, குடும்பம் பிரிந்தது பிரிந்ததுதான் என்று நான் நினைத்த நேரத்தில், பெரியப்பா மெதுவாகக் கையைத் தூக்கினார். அந்தக் கை தொடையில் வந்து விழுந்த கணத்தில், ஐந்து பேரும் ஒரே இடத்தில் வந்து இறங்கினார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. வெட்கமாகவும் இருந்தது.

"பாத்தியா?" என்றார் பெரியப்பா. "கோயில் திருவிழாவுல ஸ்பெஷல் தவில் கேட்டிருக்கல்ல? ஊரு செட்டு இருந்தாலும், வெளியூருலேருந்து பெரிய வித்வானைத் தனியா கூட்டியாந்து பக்கத்துல உக்கார வைக்கிறோம்ல. எதுக்கு? அவன் ஒரு பக்கம் போவான், இவன் ஒரு பக்கம் போவான், கடைசியில ரெண்டு பேரும் சேந்து வந்து எறங்குவானுவ. அந்த ஒரு எறக்கத்துக்காகத்தான் ஜனம் கால் கடுக்க நிக்குது. வெள்ளைக்காரன் அதையேதான் பண்ணியிருக்கான். அஞ்சு ஸ்பெஷலா போட்டுட்டான், அவ்வளவுதான்."

அதுதான் அந்த ஆல்பத்தின் கவர்ச்சி. அதை அவ்வளவு தெளிவாகப் புரிந்துகொண்ட மனிதர், அந்த ஞானத்தைக் கொண்டுபோய் வயலில் இறக்கியதுதான் விபரீதம்.

அந்த வருடச் சம்பாவுக்கு அவர் ஐந்து ரக விதைநெல் வாங்கினார். ஒன்று சன்னம், ஒன்று நல்ல மகசூல், ஒன்று வெள்ளத்துக்குத் தாங்கும், ஒன்று பூச்சிக்குத் தாங்கும், ஒன்று வாசனை. ஐந்து ராஜாக்களையும் கலந்து ஒரே நாற்றங்காலில் விட்டார். குடமுருட்டி ஆற்றங்கரையில் நிலம் வைத்திருக்கிற எவரும் கனவில்கூடச் செய்யாத காரியம் அது. தை மாதம் போய்ப் பார்த்தால், ஒரு ரகம் முற்றிச் சாய்ந்து கிடந்தது. பக்கத்தில் ஒன்று பால் பிடித்துக்கொண்டிருந்தது. இன்னொன்று பச்சைப் பசேலென்று நின்று, பூக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. அறுவடை மெஷின்காரர் வரப்பில் இறங்கி நின்று தலையைச் சொறிந்தார்.

"ஐயா, இதுல எதை அறுக்குறது, எதை விடுறது?"

"பொறுய்யா. எல்லாம் ஒண்ணா வந்து எறங்குற எடம் ஒண்ணு வரும்."

"அது வர்றப்ப சொல்லி அனுப்புங்க" என்று அவர் மெஷினைப் பக்கத்து வயலுக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

அந்த வருடம் எங்கள் மாடுகள் மிக நன்றாகச் சாப்பிட்டன.

ஆல்பத்தில் பெரியப்பாவுக்குப் பிடிக்காத இடம் ஒன்று இருந்ததையும் சொல்லிவிட வேண்டும். மூன்றாவது பாட்டின் நடுவில் ஐவரில் நான்கு ராஜாக்கள் திடீரென்று ஓய்ந்துவிடுவார்கள். ஒற்றைக் கிதாரை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் தாழ்ந்த குரலில் ஏதோ பாடுவார். அவர் நாற்காலி அசைகிற சத்தம்கூடக் கேட்கும். அந்த இடம் வரும்போது பெரியம்மா எங்கே இருந்தாலும் வந்து சமையலறைக் கதவு நிலையில் சாய்ந்துகொள்வார், கையில் கரண்டியோடு. அதே நேரத்தில் பெரியப்பா ரிமோட்டை எடுத்துப் பாட்டை முன்னால் தள்ளிவிடுவார்.

"இங்க ஒண்ணும் நடக்கலம்மா" என்பார் என்னிடம்.

பெரியம்மா திரும்பி உள்ளே போவார். மூன்று வருடமும் இதைப் பார்த்தேன். ஒருநாளாவது அவர் நிலையை விட்டு ஓரடி முன்னால் வந்து, "அதை விடுங்க, கேக்கணும்" என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த நான்கு ஸ்பீக்கருக்கு நடுவே பெரியப்பா காதில் விழுந்திருக்குமா என்பது வேறு விஷயம்.

கூடத்துச் சுவரில் அவர்கள் கல்யாணப் படம் மாட்டியிருக்கும். பெரியப்பா குனிந்து தாலி கட்டிக்கொண்டிருப்பார். பெரியம்மாவின் கண் நிறைய நீர். வீட்டுக்கு யார் வந்தாலும் அவரைப் பெரியப்பா அந்தப் படத்துக்கு முன்னால் நிறுத்துவார்.

"மூணு செட் மேளம் சார். கெட்டிமேளம் கொட்டினா மண்டபத்து ஓடு அதிருது. எல்லாரும் மூணு முடிச்சு போடுவான், அதுலயும் ரெண்டை அக்கா தங்கச்சிக்கு விட்டுடுவான். நான் அஞ்சு போட்டேன், அஞ்சும் நானே. அப்படியே உருகிப்போய் நிக்கிறா பாருங்க."

வந்தவர் தலையாட்டுவார். பெரியம்மா காபி டம்ளரை வைத்துவிட்டுப் போய்விடுவார். ஒருநாள் நான் பின்னாலேயே போய், "நெசமாவே உருகிட்டீங்களா பெரியம்மா?" என்று கேட்டேன்.

"அன்னிக்கு நான் ஒண்ணு சொன்னேன். ஒருத்தர் காதுலயும் விழல."

"என்ன சொன்னீங்க?"

"விடு. அது ஆச்சு எத்தனையோ வருஷம்."

எவ்வளவு நச்சரித்தும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவரிடம் சொல்லாததை உன்னிடம் ஏன் சொல்ல வேண்டும் என்பதுபோல ஒரு பார்வை பார்த்தார்.

நான் படிப்பு முடித்துச் சென்னையில் வேலைக்குப் போன பிறகு பெரியப்பாவுக்கு அறுபது வயது நிறைந்தது. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் என்று முடிவாயிற்று. அதற்கு ஒரு மாதம் முன்னால் நான் ஒரு வார லீவில் வந்திருந்தேன். ஒருநாள் பெரியம்மா கூடத்துக்கு வந்து, பாட்டு ஓடாத நேரமாகப் பார்த்து, பெரியப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்தார். அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"ஏங்க, எனக்குப் பொடவை வேணாம், நகை வேணாம். ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். ஒரு நாயனம், ஒரு தவில். அதுக்கு மேல வேணாம். இந்தத் தடவையாச்சும் நான் பேசுனா உங்க காதுல விழணும்."

பெரியப்பா நெகிழ்ந்துபோனார். "இவ்வளவுதானே? சத்தியமா ஒண்ணே ஒண்ணு" என்றார். மறுநாள் காலையில் காரை எடுத்துக்கொண்டு கிளம்பியவர், ஒரே ஒரு செட்டுக்கு ஏற்பாடு செய்துவிட்டுத் திரும்பினார். அந்த ஒரே செட்டில் இருந்தவர்கள் இவர்கள்: மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு நாதஸ்வர வித்வான், இரண்டு மாவட்டங்களிலிருந்து இரண்டு ஸ்பெஷல் தவில், ஒரு சாக்ஸபோன், திருவாரூர் இன்னிசைக் குழு ஒன்றிலிருந்து ஒரு கீபோர்டு.

"செட்டு ஒண்ணுதான்" என்று சத்தியத்தைக் காப்பாற்றிக்கொண்டார். அன்று ராத்திரி ரசத்தில் உப்பில்லை.

ஐந்து வித்வான்களில் யார் பெயரை முதலில் போடுவது என்று தகராறு வந்துவிடும் அல்லவா? அதற்கும் வழி கண்டுபிடித்தார். பத்திரிகையில் ஐந்து பெயர்களையும் வட்டமாக அச்சடித்தார். அதைப் படிக்கப் பத்திரிகையை ஸ்டியரிங்போலச் சுற்ற வேண்டியிருந்தது. இதற்கு மேல் மண்டபத்துக்கு உள்ளேயும் வெளியேயும் தெருமுனை வரைக்கும் ஸ்பீக்கர்.

அன்றைக்குத் திருக்கடையூரில் எங்கு பார்த்தாலும் மாலை போட்ட அறுபதுகள். கோயிலுக்குப் பக்கத்து மண்டபம் ஒன்றில் எங்கள் விசேஷம். வித்வான்கள் ஐவரும் ஒருவரையொருவர் கும்பிட்டுக்கொண்டார்கள். கும்பிட்ட கை இறங்குவதற்குள் போர் தொடங்கிவிட்டது. நாதஸ்வரம் ராகத்தை விரித்துக்கொண்டிருக்கும்போதே சாக்ஸபோன் கீர்த்தனையை எடுத்துவிட்டது. நாதஸ்வரக்காரர் வாத்தியத்தை மடியில் படுக்கவைத்து, துண்டால் முகத்தைத் துடைத்து, உத்தரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். முதல் தவில் தனியாக வாசித்தது. இரண்டாவது தவில் அதைவிட நீளமாகப் பதில் சொன்னது. கீபோர்டுக்காரர் இரண்டுக்கும் நடுவில் ஹெலிகாப்டர் சத்தம் ஒன்றைக் கொடுத்தார். மேடையில் கலசத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெரியப்பாவின் முகத்தில் அப்படியொரு பூரிப்பு. நத்தை கோட்டையோடு வந்து சேர்ந்துவிட்டது என்றே நினைத்தார்.

சாஸ்திரிகளுக்குத்தான் தாங்கவில்லை. மந்திரம் தனக்கே கேட்காத நிலையில், மைக்கைப் பிடித்து, "கொஞ்சம் நிறுத்துங்கோ, நேரம் நெருங்கிடுத்து!" என்று கத்தினார். இரண்டு தவிலும் பாதிக் கணக்கில் நின்றன. ஒரு தவில்காரரைப் பாதிக் கணக்கில் நிறுத்துவது, சாப்பிடுகிறவரைப் பாதி இலையில் எழுப்புவது மாதிரி. இருவர் முகமும் தொங்கிப்போயிற்று.

மாங்கல்யத்தைத் தொட்டுக் கும்பிட்டுக் கொடுத்தார்கள். பெரியப்பா எழுந்து பெரியம்மாவுக்குப் பின்னால் போய்க் குனிந்தார். சாஸ்திரிகள் விரலை ஆட்டினார்.

"கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"

முதல் தவில்காரர் இரண்டாமவரைப் பார்த்தார். "அண்ணன் ஆரம்பிக்கட்டும்."

"இல்ல இல்ல, பெரிய வித்வான் நீங்க இருக்கறப்ப நானா?"

நாதஸ்வரம் உத்தரத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. சாக்ஸபோன்காரர் தவில் இல்லாமல் ஊதக் கூடாது என்று மரியாதையாக நின்றார். கீபோர்டுக்காரர் நான்கைந்து பட்டனை அமுக்கிப் பார்த்தார், ஹெலிகாப்டர்கூட வரவில்லை. கெட்டிமேளம் கொட்ட வேண்டிய நேரத்தில் அந்த மண்டபத்தில் மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. நான் மேடைக்குக் கீழே நின்று, எந்தப் பாவி இப்போது தும்மப் போகிறானோ என்று பயந்துகொண்டிருந்தேன்.

"ஸ்ஸ்ஸ்... ஏங்க, முடி. முடி மாட்டிக்கிச்சு."

பெரியம்மாவின் குரல். சாஸ்திரிகளின் மைக் அவர் முகத்துக்கு நேரே இருந்தது. பெரியப்பா வைத்த ஸ்பீக்கர்கள் அதைத் தெருமுனை வரைக்கும் கொண்டுபோயின.

"போன தடவையும் இதேதான் பண்ணீங்க."

பெரியப்பாவின் கை நின்றது. "என்னம்மா சொல்ற? போன தடவைன்னா?"

"மொத கல்யாணத்துல. கயித்தோட முடியையும் சேத்து அஞ்சு முடிச்சு போட்டீங்க. உசுரே போயிடுச்சு. முடி, முடின்னு கத்துனேன். அந்த மேளத்துல யாருக்குக் கேட்டுச்சு? சாயங்காலம் எங்கம்மா கத்தரிக்கோலால வெட்டித்தான் எடுத்தாங்க."

"அப்ப... அந்த போட்டோவுல அழுவுறது?"

"வலிங்க."

மண்டபம் வெடித்துச் சிரித்தது. வலங்கைமான் வெடிக்கடை மொத்தமும் பற்றிக்கொண்டதுபோல ஒரு சிரிப்பு. வித்வான்கள் ஐவரும், காலையிலிருந்து முதல்முறையாக, ஒரே இடத்தில் வந்து இறங்கிச் சிரித்தார்கள். சிரித்த கையோடு இரண்டு தவில்காரர்களும் குச்சியை ஓங்கினார்கள்.

பெரியப்பா திரும்பாமலே இடது கையைத் தூக்கினார். "இருங்கய்யா."

வாசிக்க வந்தவர்களை அவர் நிறுத்தச் சொல்லி அன்றுதான் கேட்டேன். சட்டைப் பையில்லாத உடம்பில் கண்ணாடியைத் தேடி, என்னிடம் கொடுத்துவைத்திருந்ததை வாங்கிப் போட்டுக்கொண்டு, குனிந்து ஒவ்வொரு முடியாகப் பிரித்து எடுத்தார். நரைத்த முடி, மஞ்சள் கயிற்றில் சுற்றியிருந்தது. சாஸ்திரிகள் நேரம் போகிறது என்று ஜாடை காட்டினார். அவர் பார்க்கவில்லை. "வலிக்குதா? இப்ப வலிக்குதா?" என்று ஸ்பீக்கர் வழியாகத் திருக்கடையூரே கேட்க விசாரித்தார். எல்லாம் எடுத்த பிறகு மூன்றே மூன்று முடிச்சுப் போட்டார். பெரியம்மா அழவில்லை. எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது, அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

அடுத்த பொங்கலுக்கு வலங்கைமான் போயிருந்தேன். கூடத்தில் கல்யாணப் படம் அதே இடத்தில் இருந்தது, ஆனால் யாரையும் பெரியப்பா அதற்கு முன்னால் நிறுத்தவில்லை. மூன்றாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ராஜாக்கள் ஓய்ந்தார்கள். ஒற்றைக் கிதார் தொடங்கியது. பெரியம்மா கரண்டியோடு நிலைக்கு வந்தார். பெரியப்பா ரிமோட்டை எடுக்கவில்லை. அந்தத் தாழ்ந்த குரல் முழுசாகப் பாடி முடிக்கிறவரை இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் கேட்டார்கள்.

அதோடு விட்டிருந்தால் அவர் என் பெரியப்பா இல்லை. ரிமோட்டை எடுத்து, பின்னால் தள்ளி, அதே இடத்தைத் திரும்பப் போட்டார். பிறகு இன்னொரு தடவை. அடுத்த தடவை சத்தத்தைக் கூட்டினார். அதற்கடுத்த தடவை, தாழ்ந்த குரலில் பாடிய அந்தப் பாவப்பட்ட மனிதர் தெருவுக்கே கேட்கும்படி முழங்க ஆரம்பித்தார். பெரியம்மா நிலையை விட்டு ஓரடி முன்னால் வந்தார்.

"போதுங்க."

சாதாரணமாகத்தான் சொன்னார். நான்கு ஸ்பீக்கருக்கு நடுவில், பக்கத்தில் இருந்த எனக்கே அது சரியாக விழவில்லை.

பெரியப்பா பாட்டை நடுவிலேயே நிறுத்தினார்.